2021 நவம்பர் ஒன்னாம் தேதி பையன ஸ்கூலுக்கு அனுப்பலாமா வேணாமா? கோத்தகிரியிலருந்து ஒரு கேள்வி

கேள்வி: வணக்கம் டாக்டர். நாங்க கோத்தகிரி பக்கம். பொண்ணு பத்தாவது, பையன் மூணாவது. பொண்ணு செப்டம்பர்லருந்து கவர்மென்ட் பஸ்ல ஸ்கூல் போய்ட்டு வர்றா. பையனுக்கு நவம்பர் 1 தொறக்கறாங்க. எங்க வீட்டுக்காரர் பிக்கப் வண்டில கேரட், பீட்ரூட் ஏத்திக்கிட்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு போறவரு. சின்னப் புள்ளைங்களுக்கு கொரோனா ஊசி வர்ற வரைக்கும் இவன அனுப்பவே கூடாதுன்னு ஒத்தக்கால்ல நிக்கறார். மே மாசம் அவரோட ஃப்ரெண்டு ஒருத்தர் கோயம்புத்தூர்ல பெட் கெடைக்காம அலஞ்சு இறந்துட்டார், அதுலருந்தே இப்படித்தான். எனக்கு அனுப்பணும்னு இருக்கு, பையன் எழுத்தே மறந்துட்டான். அத்தைக்கு 70 வயசு, சுகர், வீசிங் ரெண்டும் இருக்கு, ஜூலைல ஒரு ஊசி போட்டாங்க, ரெண்டு நாள் காய்ச்சல் அடிச்சதால ரெண்டாவது வேணாங்கறாங்க. ஸ்கூல் மீட்டிங்லயும் பாதிப்பேர் தொற, பாதிப்பேர் தொறக்காதன்னு ஒரே சத்தம். வாசல்ல கிருமிநாசினி டனல், டெம்பரேச்சர் கன், டெஸ்க்குக்கு பிளாஸ்டிக் தடுப்பு எல்லாம் வைக்கறோம், குளிருக்கு ஜன்னல் மூடித்தான் இருக்கும்னு ஸ்கூல்ல சொன்னாங்க. நான் யார் பக்கம் பேசறது? பையனுக்கு தினமும் ஆவி புடிக்க வைக்கலாமான்னும் சொல்லுங்க.

பதில்:

பாருங்கம்மா, சுத்தி வளைக்காம பதில மொதல்ல சொல்லிடறேன். பையன அனுப்புங்க. ஆனா மீட்டிங்ல நடந்த சண்டைல ரெண்டு பக்கமும் பேச வேண்டிய விஷயத்த விட்டுட்டாங்க, அந்த ஜன்னல் விஷயம் தான், அதுக்கு அப்புறம் வர்றேன், ஏன்னா உங்க வீட்டுக்காரர் விஷயத்த தாண்டாம ஜன்னலுக்கு போக முடியாது.

அவர திட்டாதீங்க. மே மாசம் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி வாசல்ல ஆம்புலன்ஸ் வரிசையா நின்னத பாத்தவங்க யாரும் அத சுலபமா மறக்க மாட்டாங்க. அவரோட பயம் மூணாம் க்ளாஸ் பையன பத்தினது மாதிரி தெரியுது, ஆனா எனக்கு என்னவோ அது அந்த ஃப்ரெண்ட பத்தினதுன்னு தான் படுது. அதனால புள்ளிவிவரம் சொல்லி அவர மடக்கப் பாக்காதீங்க, மடங்க மாட்டார், கோவம் தான் வரும். நிதானமா உக்காந்து ஒரு கணக்கு மட்டும் போடச் சொல்லுங்க. உங்க வீட்டுக்குள்ள கொரோனா வரணும்னா எந்தெந்த வழில வரும்? அவர் தினமும் மண்டிக்கு போறார், லோடு இறக்கறவங்க, கமிஷன் கடைக்காரங்க, டீக்கடைன்னு எத்தன பேரோட பேசறார். பொண்ணு நெரிசலான பஸ்ல போய்ட்டு வர்றா. தீபாவளி 4ஆம் தேதி வருது, துணி எடுக்க கோயம்புத்தூர் போற பிளான் இருக்கும்னு நெனைக்கறேன், இல்லாத வீடு இந்த மலைல இல்ல. இவ்வளவு கதவும் தொறந்து இருக்கும்போது பையனோட ஸ்கூல் கதவ மட்டும் பூட்டி வச்சா வீடு பத்திரமாயிடுமா? இத குத்திக்காட்டற மாதிரி சொல்லாம சொல்லணும், உங்களுக்கு அந்தப் பக்குவம் இருக்குன்னு கடிதத்துலயே தெரியுது.

ஊசி வரட்டும்னு காத்திருக்கறது நியாயமாத் தான் தோணும். இன்னிக்கு, 2021 அக்டோபர்ல, நெலவரம் என்னன்னா, 12 வயசுக்கு மேல போடலாம்னு சைகோவ்-டி ஊசிக்கு ஆகஸ்ட்ல அனுமதி குடுத்தாங்க, அது இன்னும் நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரல. கோவாக்சின சின்னவங்களுக்கும் குடுக்கலாம்னு இந்த மாசம் நிபுணர் குழு சிபாரிசு பண்ணிருக்கு, சிபாரிசு வேற, கைல ஊசி ஏறறது வேற. எட்டு வயசுப் பையனுக்கு எப்பன்னு யாரும் தேதி சொல்லல. அப்ப "ஊசி வர்ற வரைக்கும்"ங்கறதுக்கு அர்த்தம் எத்தன மாசம்னே தெரியாத ஒரு காலம். ஏற்கனவே ஒன்றர வருஷம் போயாச்சு. ஒன்னாம் க்ளாஸ் முழுப்பரீட்சைக்கு முன்னாடி 2020 மார்ச்ல வீட்டுக்கு வந்தவன், ரெண்டாவது எப்படி இருக்கும்னே பாக்காம மூணாவதுக்கு போறான்.

சின்னப் புள்ளைங்களுக்கு இது எவ்வளவு ஆபத்து? கொரோனா அவங்களுக்கும் வருது, நெறைய பேருக்கு வந்தும் போச்சு. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) ஜூன், ஜூலைல எடுத்த நாலாவது ரத்தப் பரிசோதனை சர்வேல 6 லருந்து 9 வயசு வரைக்கும் உள்ள புள்ளைங்கள்ல 57 சதவீதம் பேருக்கும், 10 லருந்து 17 வயசுக்காரங்கள்ல 61 சதவீதத்துக்கும் மேல எதிர்ப்பு அணுக்கள் இருந்துச்சு, அதாவது பாதிக்கு மேல ஏற்கனவே தொத்தி, பெரும்பாலும் வீட்ல யாருக்கும் தெரியாமயே போயிருக்கு. நம்ம பக்கத்து கோயம்புத்தூரும் அந்த சர்வேல இருந்துச்சு. ஸ்கூல் பூட்டியிருந்த காலத்துலயே இவ்வளவு பேருக்கு வந்திருக்கு பாருங்க. அந்த சர்வே ரிசல்ட் வெளிய வந்தப்ப ஐசிஎம்ஆர் தலைவரா இருந்த பல்ராம் பார்கவா, தொறக்கறதா இருந்தா ஆரம்பப் பள்ளிகள மொதல்ல தொறக்கறது தான் புத்திசாலித்தனம்னே சொன்னார், சின்னப் புள்ளைங்க உடம்பு இந்த வைரஸ பெரியவங்கள விட நல்லா சமாளிக்குதுங்கறதால. நம்ம ஊர்ல நேர்மாறா நடந்துச்சு, பரீட்சை எழுதறவங்கள மொதல்ல கூப்ட்டோம், குட்டிங்கள கடைசில. பரீட்சைன்னா நமக்கு எல்லா பயமும் போயிடுது. உங்க வீட்டுக்காரர் பத்தாவது படிக்கற பொண்ண அனுப்ப ஒத்துக்கிட்டு மூணாவது படிக்கற பையனுக்கு மறுக்கறதும் இதே கணக்கு தான்.

தொறக்கறதா வேணாமான்னு குழம்பறது உங்க ஸ்கூல் மட்டும் இல்ல. தமிழ்நாடு அரசாங்கத்துல 2020 நவம்பர் 16 அன்னிக்கு பெரிய க்ளாஸ்கள தொறக்கறோம்னாங்க, 9ஆம் தேதி பெத்தவங்க கிட்ட கருத்து கேட்டாங்க, 12ஆம் தேதி இப்ப வேணாம்னுட்டாங்க. அப்புறம் 2021 ஜனவரி 19 பத்தாவது பன்னெண்டாவது, பிப்ரவரி 8 ஒம்போது பதினொன்னு, மார்ச்ல மறுபடி பூட்டு. அதனால அந்த மீட்டிங்ல "வேணாம்"னு கத்தினவங்களையும் முட்டாளா பாக்காதீங்க. இந்த நவம்பர் தொறப்புக்கும் கட்டாயம் இல்லன்னு அரசாங்கமே சொல்லிருக்கு, விருப்பம் இருக்கறவங்க அனுப்பலாம். கேன்சர் ட்ரீட்மென்ட்ல இருக்கற புள்ள, கிட்னி, இருதயப் பிரச்சனைக்கு தொடர்ந்து மருந்து சாப்டற புள்ள இருந்தா நானே டாக்டர கேட்டுட்டு முடிவு பண்ணுங்கன்னு தான் சொல்வேன். அப்படிப்பட்ட புள்ளைக்கு பாடத்த வீட்டுக்கு அனுப்பி வைங்கன்னு ஸ்கூல்ல கேளுங்க, நீங்க கேட்டா எதிர் குரூப்ல பாதிப்பேர் உங்க பக்கம் வந்துடுவாங்க.

பையன் எழுத்து மறந்துட்டான்னு ஒரு வரில எழுதிட்டீங்க, எனக்கு அது தான் ரொம்ப உறுத்துது. குன்னூர்ல என்னோட கிளினிக் சுவத்துல ஒரு தினசரி காலண்டர் தொங்குது. ஊசிக்கு அழுவற புள்ளைய திசை திருப்ப அந்த தாள்ல என்ன போட்டிருக்குன்னு படிக்கச் சொல்றது என் பழக்கம். முன்னாடி எல்லாம் ரெண்டாவது படிக்கற வாண்டு கூட "வெ... வெள்...ளி"ன்னு எழுத்து கூட்டி படிச்சிடும், படிச்ச பெருமைல ஊசி போட்டதே தெரியாது. இப்ப மூணாவது நாலாவது படிக்கற புள்ளைங்க தாள பாக்கறதே இல்ல, அம்மா மூஞ்சிய பாக்குது. தேதி நம்பர் சொல்லுது, கிழமைய படிக்க முடியல. எஸ்டேட் லைன்லருந்து வர்ற புள்ளைங்கள்ல இது இன்னும் மோசம், அம்மா அப்பா ரெண்டு பேரும் கொழுந்து பறிக்க காலைலயே போயிடறாங்க, வீட்ல ஒரு போன், அதும் அப்பா பாக்கெட்ல, சிக்னல் வேணும்னா மேட்டுக்கு ஏறணும். டிவில பாடம் நடத்தற அரசாங்கத்தோட கல்வி டிவி நல்ல முயற்சி, ஆனா ஏழு வயசுப் புள்ள டிவிய பாத்து தனியா எழுத்து கத்துக்காது, பக்கத்துல ஒரு ஆள் வேணும். ஆகஸ்ட்ல ஜான் திரேஸ், ரீத்திகா கேரா மாதிரி பொருளாதார அறிஞர்கள் சேர்ந்து 15 மாநிலங்கள்ல ஏழை வீட்டுப் புள்ளைங்க 1,400 பேர் கிட்ட சர்வே எடுத்தாங்க, கிராமத்துல ஒழுங்கா ஆன்லைன்ல படிச்சது 8 சதவீதம், சுத்தமா படிக்காம விட்டது 37 சதவீதம். ஆன்லைன் க்ளாஸ் நடந்துச்சுன்னு நாம சொல்லிக்கிட்டது யாருக்கு நடந்துச்சுன்னு யோசிங்க. மத்தியான முட்டை, சாப்பாடு இல்லாம எடை கொறஞ்ச புள்ளைங்களும், நாள் பூரா போனோட உக்காந்து எடை கூடின புள்ளைங்களும் ஒரே காலைல என் கிளினிக்குக்கு வருது, அதப்பத்தி தனியாவே எழுதலாம்.

இப்ப ஜன்னலுக்கு வருவோம். உங்க ஸ்கூல்ல சொன்ன லிஸ்ட படிச்சதும் எனக்கு தலைல கை வைக்கத் தோணுச்சு. செலவு பண்ற எல்லாமே வேலைக்கு ஆகாதது, காசே செலவில்லாத ஒன்ன மட்டும் வேணாங்கறாங்க. டனல எடுத்துக்கங்க, ஆளுங்க மேல கிருமிநாசினி தெளிக்காதீங்கன்னு மத்திய சுகாதாரத் துறை 2020 ஏப்ரல்லயே சொல்லியாச்சு, அது கண்ணையும் தொண்டையையும் எரிக்கும், வீசிங் இருக்கற புள்ளைக்கு இழுப்பு வந்துடும், மூச்சுக்குள்ள இருக்கற வைரஸ ஒன்னும் பண்ணாது. டெம்பரேச்சர் கன்ன இந்த மலைல நம்பவே நம்பாதீங்க. காலைல மிஸ்ட்ல நடந்து வர்ற புள்ளையோட நெத்தி ஜில்லுன்னு இருக்கும், உள்ள காய்ச்சல் அடிச்சாலும் அந்த மெஷின் 95, 96ன்னு காட்டி உள்ள விட்டுடும். டெஸ்க்கு பிளாஸ்டிக் தடுப்பு காத்து ஓடறத தான் தடுக்கும்.

இது காத்துல பரவற நோய். பேசும்போது, பாடும்போது, சும்மா மூச்சு விடும்போதே வர்ற நுண்துளிங்க காத்துல மெதந்து 10 மீட்டர் வரைக்கும் போகலாம்னு மத்திய அரசோட முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் மே மாசம் வெளியிட்ட குறிப்புல தெளிவா இருக்கு. உங்க மாமியாருக்கு இத சொல்லிப் பாருங்க, அவங்க டக்குன்னு புரிஞ்சுக்குவாங்க: கதவ சாத்திட்டு விறகடுப்பு மூட்டினா புகை எப்படி மூலை முடுக்கெல்லாம் போயி நிக்குமோ அப்படித்தான் இதுவும், அடுப்புலருந்து ஆறடி தள்ளி உக்காந்தேன் எனக்கு கண்ணு எரியாதுன்னு யாராவது சொல்வாங்களா? மூடின ரூம்ல ஆறடி இடைவெளிக்கு அவ்வளவு தான் மதிப்பு.

சரி, நவம்பர் டிசம்பர்ல கோத்தகிரில ஜன்னல தொறந்து வைக்க முடியுமா, குளிர்ல புள்ளைங்க வெறச்சுப் போயிடுமேன்னு கேப்பீங்க. நம்ம பக்கம் வடகிழக்கு மழை நல்லாவே அடிக்கும், அது முடிஞ்சா உறைபனி, எனக்கும் தெரியும். ஆனா குளிர் ஊர்ல ஒரு சௌகரியம் இருக்கு. உள்ள இருபது புள்ளைங்க உக்காந்து காத்து சூடாயிருக்கு, வெளிய ஜில்லுன்னு இருக்கு, இப்படி வித்தியாசம் இருந்தா காத்து தானாவே வேகமா மாறும், சூடான காத்து மேல போயி வெளியேறும், குளிர் காத்து கீழ வழியா உள்ள வரும். அதனால சமவெளி மாதிரி ஜன்னல அகலமா தொறந்து போட வேண்டியதில்ல, ரெண்டு எதிரெதிர் பக்கத்துல அரை அடி தொறந்தா கூட போதும், மேல வென்டிலேட்டர் இருந்தா அதுல அடைச்சு வச்ச அட்டைய எடுத்துடணும். ஒவ்வொரு பீரியட் முடிஞ்சதும் புள்ளைங்கள வெளிய நிக்க வச்சு கதவு ஜன்னல் எல்லாத்தையும் பத்து நிமிஷம் முழுசா தொறக்கணும். பழைய ஸ்கூல் கட்டடங்கள்ல மர ஜன்னல் மழைல ஊறி ஊதிப்போயி தொறக்கவே வராது, கொக்கி துருப்பிடிச்சு நிக்கும், ஒடஞ்ச கண்ணாடிக்கு பதிலா காலண்டர் அட்டை ஒட்டியிருக்கும். அந்த டனல் காச ஒரு ஆசாரிக்கு குடுத்து ஜன்னல எல்லாம் இழைச்சு விடச் சொல்லுங்க.

ரூம்ல காத்து மாறுதான்னு பாக்க நம்ம ஊர்ல ஓசிலயே ஒரு மீட்டர் இருக்கு. ஜன்னல் கண்ணாடியோட உள்பக்கத்த பாருங்க. வெளிய குளிரா இருக்கற நாள்ல உள்பக்கம் ஆவி படிஞ்சு, விரலால பேர் எழுதற அளவுக்கு மங்கலா இருந்துச்சுன்னா அது முக்கால்வாசி புள்ளைங்க விட்ட மூச்சு, அந்த ரூம்ல எல்லாரும் ஒருத்தர் விட்ட காத்த ஒருத்தர் இழுத்துக்கிட்டு இருக்காங்கன்னு அர்த்தம். டீச்சர் கிட்ட சொல்லி வைங்க, கண்ணாடி மங்கினா ஜன்னல இன்னும் கொஞ்சம் தொறக்கணும், தெளிவானா கொறச்சுக்கலாம். இன்னும் துல்லியமா வேணும்னா கார்பன் டை ஆக்சைடு மீட்டர் சில ஆயிரம் ரூபாய்க்கு கெடைக்குது, வெளிக்காத்துல 400 சொச்சம் காட்டும், க்ளாஸ்ல ஆயிரத்த தாண்டினா காத்து போதல. ஸ்கூல் ஜீப்புக்கும் இதே கண்ணாடி டெஸ்ட் தான், சொல்லப்போனா எனக்கு க்ளாஸ விட அந்த ஜீப் தான் பயம், பதினஞ்சு புள்ளைங்கள அடைச்சு, மிஸ்ட்டுக்கு கண்ணாடிய ஏத்திவிட்டு, டிரைவர் மாஸ்க்க தாடைல மாட்டிக்கிட்டு. உங்க வீட்டுக்காரர் வண்டி ஓட்டறவர் தானே, அவர் போயி அந்த டிரைவர் கிட்ட பேசினா எடுபடும், அவருக்கும் பையனுக்காக ஒரு காரியம் பண்ண மாதிரி இருக்கும்.

குளிருக்கு என்ன வழின்னா துணி தான். யூனிஃபார்ம் ஸ்வெட்டர் மட்டும் தான் போடணும், கலர் ஜெர்கின் கூடாது, க்ளாஸ்ல மங்கி கேப் கூடாதுன்னு சில ஸ்கூல்ல சட்டம் வச்சிருக்காங்க, இந்த வருஷம் அத தூக்கச் சொல்லி கேளுங்க. புள்ள கதகதப்பா இருந்தா ஜன்னல் தொறந்திருக்கறத பத்தி யாரும் முனக மாட்டாங்க. மாஸ்க் ஒன்னு போதாது. மிஸ்ட்லயும் மூச்சு ஈரத்துலயும் துணி மாஸ்க் அரைமணி நேரத்துல நனஞ்சுடும், நனஞ்ச மாஸ்க்க புள்ள இழுத்து கழுத்துல விட்டுக்கும், அதனால பைல காஞ்ச மாஸ்க் ரெண்டு மூணு தனி கவர்ல போட்டு விடுங்க. பிரேயர், வாய்ப்பாடு எல்லாம் சேர்ந்து சத்தமா சொல்றத மழை இல்லாத நேரம் கிரவுண்ட்ல வச்சுக்கலாம். சாப்பாட்டு நேரத்துல தான் எல்லாரும் மாஸ்க்க கழட்டறாங்க, அப்ப ரூம்குள்ள உக்காராம வராண்டால தள்ளித்தள்ளி உக்கார வைக்கச் சொல்லுங்க.

உங்க வீட்ல நெஜமாவே கவலைப்பட வேண்டிய ஆள் பையன் இல்லம்மா, உங்க மாமியார். 70 வயசு, சுகர், வீசிங், ஒரே டோஸ். அவங்களுக்கு இந்த நோய் எந்த வழில வந்தாலும், பேரன் மூலமா வந்தாலும் மகன் மூலமா வந்தாலும், கஷ்டம் தான். இந்த 2021 விதிப்படி, ஜூலைல போட்டது கோவிஷீல்டா இருந்தா 84 நாள் முடிஞ்சுபோச்சு, கோவாக்சினா இருந்தா 28 நாள்ல போட்டிருக்கணும். இந்த 2021 அக்டோபர்ல வாரக்கடைசில மெகா ஊசி முகாம் நடக்குது, இல்லன்னா பக்கத்து சுகாதார நிலையத்துக்கு கூட்டிட்டு போங்க. மொத டோஸ்க்கு வந்த காய்ச்சல் ரெண்டாவதுக்கு அப்படியே வரணும்னு இல்ல, வந்தாலும் பாராசிட்டமால்ல அடங்கிடும். அவங்க கேக்கலன்னா மகன விட்டு சொல்லச் சொல்லுங்க, "அம்மா நீங்க போட்டுக்கிட்டா தான் பையன அனுப்புவேன்"னு அவர் ஒரு நிபந்தனை போட்டார்னா எல்லாருக்கும் நல்லது, அவரோட பயத்துக்கும் ஒரு மரியாதை கெடைக்குது. நீங்க ரெண்டு பேரும் ரெண்டு டோஸும் முடிச்சாச்சான்னு எழுதல, முடிக்கலன்னா மொதல்ல அது. பாட்டிக்கு ரெண்டாவது ஊசி போட்டு ரெண்டு வாரம் ஆகற வரைக்கும் பையன அவங்க பக்கத்துல படுக்க வைக்க வேணாம், அந்த ரூம் ஜன்னலும் கொஞ்சம் தொறந்தே இருக்கட்டும்.

ஸ்கூல் போக ஆரம்பிச்ச மொத மாசத்துல சளி, இருமல், காய்ச்சல் கண்டிப்பா வரும், ஒன்றர வருஷமா ஒரு புள்ளையோட சளி இன்னொரு புள்ளைக்கு போகாம இருந்து இப்ப ஒன்னா சேருதுங்க. அப்ப உங்க வீட்டுக்காரர் "நான் சொன்னேன்ல"ன்னு ஆரம்பிப்பார், இப்பவே சொல்லி வச்சிடுங்க. காய்ச்சல் இருக்கற அன்னிக்கு அனுப்பக் கூடாது, டோலோ குடுத்து எறக்கி அனுப்பறது ரொம்ப தப்பு, டெஸ்ட் எடுங்க. மூச்சு வாங்குது, சாப்டல, தூங்கிக்கிட்டே இருக்கான், ஆக்சிமீட்டர்ல 94க்கு கீழ போகுதுன்னா ராத்திரின்னு பாக்காம கூட்டிட்டு வரணும். கொரோனா வந்து போன ரெண்டு வாரத்துலருந்து ஆறு வாரத்துக்குள்ள மூணு நாள் விடாத காய்ச்சலோட கண்ணு செவப்பு, உடம்புல தடிப்பு, வயித்து வலி வாந்தின்னு வந்தா அதும் அப்படித்தான், அபூர்வமா வர்றது, ஆனா சீக்கிரம் பாத்தா சரி பண்ணிடலாம். முழு அட்டென்டன்ஸ்க்கு பரிசுன்னு எந்த டீச்சராவது அறிவிச்சா தயவுசெஞ்சு போயி நிறுத்துங்க.

படிப்புல ஒன்னே ஒன்னு. அவன் மூணாவது புக்க தொறந்து தெணறும்போது நீங்க பதட்டப்படாதீங்க, ஒன்னாவது புக்க எடுத்து அங்கருந்து ஆரம்பிக்கச் சொல்லி டீச்சர் கிட்டயே கேளுங்க, அவங்களும் அதத்தான் நெனச்சுக்கிட்டு இருப்பாங்க. சாயங்காலம் வீட்டுப்பக்கத்துல தன்னார்வலர வச்சு சொல்லித் தர்ற இல்லம் தேடிக் கல்வி திட்டம் இந்த 2021ல நீலகிரிலயும் ஆரம்பிக்குது, உங்க ஊர்ல யாரு வர்றாங்கன்னு விசாரிங்க. மலைல மழைக்கு லீவு விட்டுக்கிட்டே இருப்பாங்க, ஒரு நாள் விட்டு ஒரு நாள் தான் க்ளாஸ், அதுலயும் பாதி நாள் மழை லீவுல போயிடும், அதனால சாயங்காலம் அந்த ஒத்தை மணி நேரமும் தேவைப்படும்.

ஆவி புடிக்க வைக்கலாமான்னு கேட்டீங்க. வேணாம்மா. அது கொரோனாவ தடுக்காது, கொதிக்கற சட்டி கவுந்து தொடை, வயிறு வெந்துபோயி வந்த புள்ளைங்கள நான் பாத்திருக்கேன். மூக்கு அடைச்சா உப்புத்தண்ணி சொட்டு விடுங்க, மருந்துக்கடைல சலைன் நாசல் டிராப்ஸ்னு கேட்டா குடுப்பாங்க.